பேய்ப்படம் பார்க்கவும் பேசவும்: சேலம், ஏற்காடு ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

"பயமாவே இல்லைங்க" என்று ஒருவர் சொன்னால், படத்தைப் பற்றி வாதம் தொடங்குவதற்கு முன் அவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். எதில் பார்த்தார்? எந்தப் பிரதி? அறையில் விளக்கு எரிந்ததா? ஒலி எங்கிருந்து வந்தது? நகைச்சுவைப் படத்தை ஓடும் பேருந்தில் கைபேசியில் பார்த்தாலும் சிரிப்பு வந்துவிடும். திகில் படம் அப்படி இல்லை. அது இருட்டையும் நிசப்தத்தையும் நம்பி எடுக்கப்படுவது. அந்த இரண்டும் கெட்டால் கதை மட்டும் மிஞ்சும், பயம் போய்விடும். ரசிகர்களுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளில் நிறைய, படத்தால் வந்தவை அல்ல, பார்த்த விதத்தால் வந்தவை. அதனால் நாலு பேர் சேர்ந்து பார்த்து உருப்படியாகப் பேச நினைத்தால், வேலை அறையிலிருந்தே தொடங்குகிறது.

இடமும் நேரமும்

சேலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிய அறை ஒத்துவரும். சித்திரை வெயில் காலத்தில் ஜன்னலை அடைத்த அறையில் பத்துப் பேர் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால் மெல்லிய ஒலிகள் எல்லாம் அந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும், துணித்திரையும் ஆடும். மொட்டைமாடிக்குப் போகலாம். ஆனால் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி இடங்களில் தெருவிளக்கு வெளிச்சமே திரையைச் சாம்பலாக்கும். மாடியில் பார்ப்பதென்றால் பகல் காட்சிகள் நிறைந்த படமாக எடுங்கள். முக்கால்வாசி இருட்டில் நடக்கும் படத்தை மாடியில் போடாதீர்கள்.

ஏற்காடு இதற்கென்றே அமைந்த இடம். சுமார் 1,500 மீட்டர் உயரம், விசிறி தேவையில்லை, ஏழு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, தகரக் கூரை உள்ள கட்டடம் வேண்டாம். லேசான தூறல் விழுந்தாலே வசனம் கேட்காது. இரண்டாவது, குளிருக்குக் கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கியபடியே உயிர் போய்விடும். கம்பளி போதும். கதவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அதற்கு வெளியே கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். காற்று வரும், வெளிச்சம் வராது. மூன்றாவது, இரவு அங்கேயே தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். நடுநிசியில், பனிமூட்டத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவது எந்தப் படத்துக்கும் தகுந்த விலை இல்லை. அன்றிரவே இறங்க வேண்டியவர்கள் இருந்தால் மாலை நான்கு மணிக்கே ஜன்னலை அடைத்துப் படத்தைப் போட்டு, இருட்டுவதற்குள் பேச்சையும் முடித்துவிடுங்கள்.

ப்ரொஜெக்டரை வண்டியின் டிக்கியில் மலைக்குக் கொண்டுபோனால் அது குளிர்ந்திருக்கும். ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் எடுத்ததும் லென்ஸில் நீர் படியும். பையிலிருந்து எடுக்காமல் அறைக்குள்ளேயே முக்கால் மணி நேரம் வையுங்கள். பனி படிந்த லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது வீண், உள்ளேயும் படிந்திருக்கும்.

திரை

100 அங்குலத் திரை (மூலைக்கு மூலை அளவு) என்பது 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். முழு இருட்டில் இந்த அளவைத் தியேட்டர் வெளிச்சத்துக்குக் கொண்டுவர 400 முதல் 500 அன்சி லுமென் (பொதுவான அளவீட்டு முறைப்படி அளந்த வெளிச்சம்) போதும். பெட்டியில் "9000 லுமென்" என்று போட்டிருக்கும் மலிவு ப்ரொஜெக்டர்களை அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். அன்சி என்ற சொல் எங்காவது இருக்கிறதா, அதன் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்ற எண்) 1.2 என்றால் ப்ரொஜெக்டரை 2.65 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 1.5 என்றால் 3.3 மீட்டர். வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்.

பளபளப்பு இல்லாத வெள்ளைச் சுவர் இருந்தால் வேறு திரை தேடவே வேண்டாம். துணிதான் வழி என்றால், எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 50 அங்குல அகலம் இருக்கும். 100 அங்குலத் திரையின் உயரம் 49 அங்குலம். கரை மெலிதாக உள்ள பருத்தி வேட்டியை இழுத்துக் கட்டினால் சரியாகப் பொருந்தும். வெண்பட்டு வேண்டாம், நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு விழும். துணி ஒளியைப் பின்பக்கம் கசியவிடும் என்பதால் பின்னால் கறுப்புத் துணி ஒன்றும் வேண்டும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். முன்வரிசை பாயிலும் பின்வரிசை நாற்காலியிலும் உட்கார்ந்தால் வசன வரிகளைத் தலைகள் அதிகம் மறைக்காது. பார்க்கும் தூரம் மூன்று முதல் நான்கு மீட்டர்.

கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும்

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். விலை குறைந்த ப்ரொஜெக்டரில் கறுப்பு என்பது அடர்சாம்பல். அதோடு, திரையின் வெளிச்சம் பக்கத்து வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து அந்தச் சாம்பலை இன்னும் வெளுக்க வைக்கும். திரையை ஒட்டிய இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கருநீல அல்லது கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். காசே செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இதுதான். இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் எரியும் சின்னச் சிவப்பு, நீல விளக்குகளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

அகலத்திரைப் படத்தை 2.21 மீட்டர் திரையில் போட்டால் மேலும் கீழும் 16 சென்டிமீட்டர் பட்டை காலியாக, சாம்பலாகத் தெரியும். அந்த அளவுக்குக் கறுப்புத் துணிப் பட்டை வெட்டி வைத்து மூடினால் படம் திடீரென்று ஆழம் பெறும். பழைய சதுரவாக்குப் படங்களுக்குப் பக்கவாட்டில் இருபுறமும் 25 சென்டிமீட்டர். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கூர்மையான விளிம்பு இருந்தால், மூலையில் நிற்கும் உருவத்தைக் கண் தானாகத் தேடும்.

டிவியில் பார்ப்பவர்கள் மூன்றை அணைக்க வேண்டும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி (எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ), மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சார். முதலாவது படத்தை சீரியல் போல் ஆக்கும். மற்ற இரண்டும் திரையை மங்கலாக்கி இருட்டுக் காட்சியைக் கெடுக்கும். படத் தோற்றத்தை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். பிறகு படத்தில் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் பார்த்தபடி பிரைட்னஸை ஏற்றுங்கள். பட்டை சாம்பலாகத் தொடங்கியதும், அது மறுபடி கறுப்பாகும் இடம் வரை மட்டும் இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் நிழலில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பிரமயுகம் (2024) போன்ற கறுப்பு வெள்ளைப் படத்தை, டிவியில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு நன்றாக இல்லை என்று சொல்வது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம்.

இணையத்தில் ஓடவிடும் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இணைப்பு வேகம் குறைந்தால் முதலில் பலியாவது இருட்டுக் காட்சிதான். ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட கறுப்புகளை ஒரே கட்டமாக்கித் தரவை மிச்சம் பிடிக்கும். சுவரில் கட்டம் கட்டமாக ஏதோ நெளிவது போல் தெரிவது அதனால்தான். ஏற்காட்டில் இணைய வேகத்தை நம்பாமல் சேலத்திலேயே தரவிறக்கிவிடுங்கள். கைபேசிச் செயலியில் இறக்கிய படம் மலிவான எச்.டி.எம்.ஐ. அடாப்டர் வழியாகப் பெரிய திரைக்கு வராமல் கறுப்பாக நிற்கக்கூடும், திருட்டைத் தடுக்கும் பூட்டு அதில் உண்டு. கிளம்பும் முன் வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் மலையேறாதீர்கள். படம் ப்ளூரே குறுந்தகடாகக் கிடைத்தால் அதுவே சிறந்தது.

ஒலி

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். வாயசைவுக்கும் குரலுக்கும் நடுவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதம் வரலாம். கதவு அறைந்த பிறகு சத்தம் வந்தால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். கம்பி போட்டு இணையுங்கள். வேறு வழியே இல்லை என்றால், கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜே எழுத்தை அழுத்த அழுத்த ஒலி 50 மில்லிநொடி வீதம் முன்னால் வரும்.

அதைவிட முக்கியமானது ஒலியளவு. திகில் படத்தில் வசனம் முணுமுணுப்பாகவும் அதிர்ச்சி இடியாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே கலந்திருப்பார்கள். வசனத்துக்காக ஏற்றி, அலறலுக்காக இறக்கி, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தால் இயக்குநர் அமைத்த ஏற்ற இறக்கம் முழுதும் போய்விடும். ஆட்கள் வரும் முன் படத்தின் மிகச் சத்தமான காட்சியைப் போட்டு, பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவில்லாத உச்ச அளவைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே வைத்துவிட்டு ரிமோட்டை ஒளித்துவிடுங்கள். 'நைட் மோட்' என்ற வசதி இருந்தால் அணைத்திருக்க வேண்டும், அது மெல்லியதையும் பலத்ததையும் சமமாக்கிவிடும்.

தட்டுவடை செட் போன்ற மொறுமொறு தீனி இடைவேளையில் மட்டும். சேலத்துக்காரர்களுக்கு இது கடினம்தான். ஆனால் படத்தில் நிசப்தம் வரும் நேரம் பார்த்துப் பத்துப் பேர் நொறுக்கினால் அந்தக் காட்சி எடுத்ததற்கே பயனில்லை. படத்தின்போது சுண்டல், கடலை உருண்டை, சுக்குக் காப்பி.

எந்தப் பிரதி என்று முதலில் சொல்லுங்கள்

ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் உலவுகின்றன. நோஸ்ஃபெராட்டு (1922) படத்தில் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறானே என்று பலர் குறை சொல்வார்கள். அது பகலில் எடுத்து, இரவு என்று காட்ட நீலச்சாயம் ஏற்றிய காட்சி. சாயம் இல்லாத பிரதியில் பார்த்தவர்களுக்கு அது பகல். தவறு படத்தில் இல்லை.

நைட் ஆஃப் த லிவிங் டெட் (1968) வெளியானபோது தலைப்பை மாற்றியதில் காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அதனால் அமெரிக்காவில் அது பொதுவுடைமையாகி, யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள். மங்கிய, வெட்டுப்பட்ட, வண்ணம் பூசிய பிரதிகள் ஏராளம். மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த 4கே பிரதி 2016இல் வந்தது. மங்கிய பிரதியைப் பார்த்தவரும் இந்தப் பிரதியைப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். டான் ஆஃப் த டெட் (1978) படத்துக்கு அமெரிக்காவில் வெளியான 127 நிமிட வடிவமும் ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ தொகுத்த 119 நிமிட வடிவமும் உண்டு, இசையின் அளவே வேறு. ஐரோப்பிய டிவிடிகளில் படம் வினாடிக்கு 24க்குப் பதில் 25 சட்டமாக (ஃப்ரேம்) ஓடும். 96 நிமிடப் படம் 92 நிமிடத்தில் முடிந்தால் காட்சி வெட்டப்பட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

நம் படங்களிலும் இது உண்டு. யாவரும் நலம் (2009) தமிழிலும் இந்தியிலும் சேர்த்தே எடுக்கப்பட்டது. தும்பாட் (2018) போன்ற இந்திப் படத்தை மூல மொழியில் பார்த்தீர்களா, மாற்றுக்குரலில் பார்த்தீர்களா என்பது கருத்தை மாற்றும். மாற்றுக்குரலில் குரல்களோடு அறையின் எதிரொலியும் மாறிப்போகும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு படம் அடுத்தடுத்துப் போடாதீர்கள். முதல் படத்தைப் பற்றிய பேச்சை இரண்டாவது விழுங்கிவிடும். 100 நிமிடத்துக்குள் முடியும் படம் முதல் கூட்டத்துக்கு நல்லது. கல்ட் படத்தில், அதாவது ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படத்தில், ஆர்வமுள்ள சேலத்துக்காரர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டியது த ஜங்கிள் (1952). ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த படம். யானைகளுக்கு முடி ஒட்டி, அழிந்துபோன மாமத யானைகளாக நடமாடவிட்டிருப்பார்கள். பயமுறுத்தாது. ஆனால் ஒரு கல்ட் படத்தை எப்படிப் பார்ப்பது, கைவேலைக் குறைகளுக்குப் பின்னால் இருக்கும் துணிச்சலை எப்படி மதிப்பது என்று பழகுவதற்கு இதைவிடச் சொந்தமான படம் கிடைக்காது.

'ஏ' சான்றிதழ் என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் அறையில் வேண்டாம். குழந்தைகளுக்கோ விலங்குகளுக்கோ நேரும் கொடுமை, தற்கொலை, பாலியல் வன்முறை படத்தில் இருந்தால் அழைக்கும்போதே ஒரு வரி சொல்லிவிடுங்கள். அது கதையை உடைப்பதாகாது. வீட்டில் நண்பர்களோடு பார்ப்பதோடு நிறுத்துங்கள். காசு வாங்கினாலோ, விடுதி அல்லது மண்டபத்தில் பலருக்குத் திரையிட்டாலோ உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

படம் முடிந்ததும்

பெயர்ப் பட்டியல் முடியும்வரை விளக்கு போடக்கூடாது. அதன்பின் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆளுக்கு அரைத்தாளும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். முதலில் உரக்கப் பேசுபவரின் கருத்து அறை முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும், எழுதி வைத்தவர் மட்டுமே தன் கருத்தைக் காப்பாற்றுவார்.

தாளில் "பயமா இருந்ததா?" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்பதோடு முடிந்துவிடும், பெரும்பாலானவர்கள் வீறாப்புக்காக இல்லை என்றே எழுதுவார்கள். "எந்த இடத்தில் உடம்பு இறுகியது? எந்த இடத்தில் தளர்ந்தது?" என்று கேளுங்கள். அதோடு திடுக்கிடல், திகில், அருவருப்பு என்ற மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். திடுக்கிடல் என்பது உடம்பின் அனிச்சை. திடீரென்று பலத்த ஓசை கேட்டால் யாருக்கும் வரும், அதற்குப் பெரிய திறமை தேவையில்லை. திகில் என்பது யாருக்கு என்ன தெரியும் என்பதில் பிறப்பது. நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்தின் கல்லறைக் காட்சியில் பின்னணியில் தூரத்தே ஒரு ஆள் நடந்து வருகிறான். இசை அவனைச் சுட்டிக்காட்டுவதில்லை, காமிரா அவனிடம் போவதில்லை. நாம் கவனித்துவிட்டோம், காட்சியில் இருப்பவர்கள் கவனிக்கவில்லை. அந்த இடைவெளிதான் திகில்.

பேசும் வரிசையை அதிகம் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் கடைசி. ஆளுக்கு இரண்டு நிமிடம். பேச்சு கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் கதையைத் திரும்பச் சொல்லத் தொடங்குவார். "நாங்களும் பார்த்தோம்ண்ணா, உங்களுக்கு எந்த இடம் நின்னுச்சு?" என்று கேட்டால் திரும்பி வந்துவிடுவார். இன்னொருவர் லாஜிக் இல்லை என்பார். பேய்க்கு இயற்கை விதி கிடையாது, ஆனால் படம் தானே ஒரு விதி போட்டிருக்கும். ஈரம் (2009) படத்தில் தண்ணீர் இருக்கும் இடம்தான் ஆபத்து. படம் தன் விதியைத் தானே மீறினால் அது குறை, நம் விதியை மீறினால் குறையில்லை.

தமிழ்ப் பேய்ப்படங்களுக்கு ஒரு தனிக் கேள்வி அவசியம்: பயம் எங்கே இரக்கமாக மாறுகிறது? நம் பேய்களில் பல நியாயம் கேட்டு வருபவை. இடைவேளைக்குப் பின் ஒரு ஃப்ளாஷ்பேக் வந்து பேய்க்கு நடந்த அநியாயத்தைச் சொன்னதும் நாம் பேயின் பக்கம் போய்விடுவோம். "செகண்ட் ஹாஃப் லேக்" என்று சொல்வதில் யாருக்கும் பயனில்லை. "ஃப்ளாஷ்பேக் ஓடுற இருபது நிமிஷமும் வீட்ல இருக்கறவங்களுக்கு ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் பிடி விட்டுப்போச்சு" என்றால் அது கருத்து. மற்றவர் அதை மறுக்கவும் முடியும், "எனக்கு அங்கதான் அழுகை வந்துச்சு" என்று. நகைச்சுவை கலந்த பேய்ப்படத்தைப் பயமுறுத்தவில்லை என்று தள்ளுவதும் தவறு. சிரிப்பு அடங்கியதும் அடுத்த நொடி என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எழுதி வைப்பது

ஒரு நோட்டுப் புத்தகம், படத்துக்கு ஒரு பக்கம். மேல் வரியில் பெயர், ஆண்டு, ஓடிய நேரம், மொழி, பிரதி, எதில் பார்த்தது, எத்தனை பேர். இந்த வரி இல்லாத குறிப்பை ஆறு மாதம் கழித்துப் படித்தால் ஒன்றுக்கும் ஆகாது. அடுத்து, முதல் அரைமணி நேரத்துக்குள் நடப்பதை மட்டும் தொட்டு ஐந்தாறு வரி. அதில் ஒரு காட்சியாவது காமிரா எங்கே நின்றது, என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். முடிவைப் பற்றி எழுத வேண்டும் என்றால் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுங்கள், பார்க்காதவர் கையில் நோட்டைத் தைரியமாகக் கொடுக்கலாம். ஐந்துக்கு மூன்று, பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போடுவதைவிட, யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று ஒரு வரி எழுதுவது படிப்பவருக்கு உதவும்.

பக்கத்தின் அடியில் மூன்று வரி காலியாக விடுங்கள். ஒரு வாரம் கழித்து, மறுபடி பார்க்காமல், எது நினைவில் இருக்கிறது என்று அங்கே எழுத வேண்டும். அன்றிரவு துள்ளவைத்த காட்சி ஒன்றுகூட மிஞ்சாமல், வெறும் காலி நடைபாதை ஒன்று மிஞ்சியிருக்கலாம். அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் புதுப்படத்தைப் போடும் முன் முதல் பத்து நிமிடம் அந்த மூன்று வரிகளை ஆளுக்காள் படியுங்கள்.